முள்ளா, மின்சாரமா?

கொல்லி மலைக்குப் போகிறவர்களை என்ன காரியமாகப் போகிறீர்கள் என்று கேட்டால் மூன்று விதமான பதில் வரும். ஆகாய கங்கையில் நீராட, அறப்பளீசுவரரைத் தரிசிக்க, வல்வில் ஓரி ஆண்ட மண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டு வர. நாமும் இம்மூன்றையும் உத்தேசித்துத்தான் காரவள்ளியில் பஸ் ஏறினோம். மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒன்று விடாமல் எண்ணிவிட வேண்டும் என்பது நாலாவது உத்தேசம். 32-வது வளைவில் தலை சுற்றவே, எண்ணும் உத்தியோகத்தை ராஜினாமாச் செய்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து மலையிறங்கியபோது நம் மனத்தை விட்டு நீங்காமல் இருந்தது ஒரு கறவைப் பசுவின் மடியில் கண்ட காயம்.

செம்மேட்டைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஒரு குடியானவர் வீட்டு வாசலில் அந்தப் பசு நின்றது. வீட்டுப் பெரியவர் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் காயத்தில் தடவிக்கொண்டிருந்தார். "என்ன பெரியவரே, மாட்டுக்கு என்ன ஆயிற்று?" என்று விசாரித்தோம்.

"பக்கத்துக் காட்டு முள்ளுக்கம்பிங்க ஐயா. மரவள்ளித் தழைக்கு ஆசைப்பட்டுத் தலையை நுழைச்சுது. நாய் குரைக்கவும் மிரண்டு தாண்டிப்போட்டுது. ஒரு காம்பு போனாப்போலத்தான்" என்றார் பெரியவர். பிறகு, "பையன் கரண்டு வேலி போடலாமுங்கறான். காட்டுப் பன்னிக்கு வெச்ச கரண்டுலே மனுசன் செத்த கதையெல்லாம் கேக்கறோம். மாட்டுக்கு அது ஆகுமுங்களா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க" என்று நம்மை ஒரு பிடி பிடித்தார்.

படித்தவர்களுக்கு அந்த நிமிஷத்தில் பதில் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு படித்தும் விசாரித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

பெரியவரின் கேள்வி எத்தகைய கேள்வி என்பதற்கு அந்த மலையின் நிலைமையைச் சிறிது சொல்ல வேண்டும். அங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்வதால் மலையாளிகள். காஞ்சீபுரத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்களிடையே வழங்கும் ஐதிகம். சாமை, தினை, கேழ்வரகு என்று விளைந்துகொண்டிருந்த மேட்டு நிலங்களில், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளின் தேவையை முன்னிட்டு மரவள்ளி பரவியது. மிளகும் காப்பியும் தோட்டங்களை நிரப்பின. சாமை அறுத்த காட்டில் மாடு மேய்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மரவள்ளியோ மாதக்கணக்காக மண்ணில் நிற்கும் பயிர். அதன் பச்சைத் தழையை அதிகமாகத் தின்றால், அதிலுள்ள விஷத்தினால் மாடே இறந்துபோகலாம். ஆகவே வேலி இல்லாவிட்டால் பயிர் போகும், அல்லது மாடு போகும், அல்லது பக்கத்து வீட்டாரோடு இருந்த பேச்சுவார்த்தை போகும்.

முள்ளுக்கம்பி நம் தேசத்துச் சரக்கு அல்ல. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் ராஜ்யத்தில் கிலிட்டன் என்ற விவசாயி 1874-ஆம் வருஷத்தில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வீட்டிலிருந்த காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தைக் கொண்டு முதல் முட்களை வளைத்தார் என்று ஒரு கதை சொல்லுகிறார்கள். காப்பி இல்லாமல் எந்தப் பெரிய காரியமும் நடவாது என்று நம்புகிற நம் நேயர்களுக்கு இது திருப்தி அளிக்கும். ஆனால் அந்தக் கம்பி பரவிய இடமெல்லாம் சச்சரவும் பரவியது. டெக்ஸாஸில் பொது மேய்ச்சல் நிலங்களைப் பணக்காரர்கள் வளைத்துக்கொள்ள, மற்றவர்கள் இரவோடிரவாகக் கம்பிகளை வெட்டினார்கள். 1883-இல் இது சிறு யுத்தமாகவே முற்றி, மறு வருஷம் கம்பி வெட்டுவதைப் பெருங்குற்றமாக்கிச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று.

வேலி போட்டு ஜனங்களை வதைப்பதில் நம்மை ஆண்ட வெள்ளைக்கார சர்க்காருக்கு முள்ளுக்கம்பிகூடத் தேவைப்படவில்லை. உப்பு வரியை ஏய்த்து உப்பு நுழையாதபடி, சிந்து நதிப் பக்கத்திலிருந்து மகாநதி வரையில் இரண்டாயிரம் மைலுக்கு மேல் சுங்கக் காவல் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். சுமார் 12,000 பேர் அதைக் காத்தார்கள். அக்கோட்டில் பல நூறு மைல் தூரத்துக்கு இலந்தையும் கருவேலும் கள்ளியுமாக உயிர்வேலி வளர்த்தார்கள். காய்ந்த முள்ளை வெட்டி அடுக்குவதைவிடச் செடியை நட்டு வளர்ப்பது சிக்கனம் என்று கண்டு, 1867 முதல் 1870 வரையில் இவ்வேலையை மும்முரமாக நடத்திய சுங்கக் கமிஷனர் யார் தெரியுமா? பிற்பாடு 1885-இல் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவிக்க முன்னின்ற ஹியூம் துரை அவர்களேதான்! அந்தக் காவல் கோடு 1879-இல் கைவிடப்பட்டது. உப்பு வரி மட்டும் போகவில்லை என்பது நேயர்கள் அறிந்த சரித்திரம்.

இனி, மாட்டின் விஷயத்துக்கு வருவோம்.

முள்ளுக்கம்பியின் குணம் என்ன? உடம்பைக் கிழித்துப் பாடம் சொல்லுவது. கல்லுக்கால் நட்டு, நாலைந்து வரி கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டால், வருஷக்கணக்கில் பிறகு கவனிக்க வேண்டியதில்லை. மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலி வேலியாகவே நிற்கும். இது பெரிய சௌகரியம், மறுப்பதற்கில்லை. தோல் தடித்த, சாவதானமான மாடு ஒரு தரம் குத்துப்பட்டால் விலகிவிடும். மிரண்ட மாடு விலகாது, கம்பியோடு போராடும். அப்போது கிழிவது மடியும் காலும் கண்ணுமாக இருக்கும். துருப்பிடித்த கம்பியானால் ரணஜன்னி வரும் அபாயமும் உண்டு. வெள்ளாட்டுக்கோ முள்ளுக்கம்பி ஒரு வேலியே அல்ல. தலை நுழைந்தால் உடம்பும் நுழையும் என்பது வெள்ளாட்டின் சித்தாந்தம். கொம்பு சிக்கிக்கொண்டால் மட்டும் அந்தச் சித்தாந்தம் பொய்த்துவிடும்.

மின்வேலியின் கதை வேறு. நியூஜீலந்து தேசத்தில் காலகர் என்பவரிடம் ஒரு குதிரை இருந்தது. அதற்கு அவருடைய மோட்டார் வண்டியில் முதுகைத் தேய்த்துக்கொள்வதில் அலாதிப் பிரியம். வண்டி அசைந்தால் குதிரைக்கு ஓர் அதிர்ச்சி கிடைக்கும்படி அவர் ஒரு சாதனம் செய்துவைத்தார். குதிரை அப்பழக்கத்தை விட்டுவிட்டது. 1930-களின் பிற்பகுதியில் அந்த யோசனையே வேலியாக உருவெடுத்தது. இப்போது நம் ஊர்க் கடைகளிலும் அக்கருவி கிடைக்கிறது. கடைக்காரர்கள் அதை 'ஜட்கா மெஷின்' என்கிறார்கள். ஜட்கா என்றால் குதிரை வண்டி என்றே நினைத்துப் பழகிய நமக்கு முதலில் திகைப்பாயிருந்தது. ஹிந்தியில் அது அதிர்ச்சியைக் குறிக்கும் சொல்லாம். குதிரையினால் பிறந்த கருவிக்கு இந்தப் பெயர் பொருத்தமே.

பெரியவரின் பயம் இங்கேதான் தீர வேண்டும். வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். ஜட்கா மெஷின் கம்பியில் ஏற்றும் அழுத்தமோ 5,000 முதல் 8,000 வோல்ட் வரையில். அப்படியிருக்க 230 கொல்லும், 8,000 கொல்லாது என்றால் யார் நம்புவார்கள்? ரகசியம் நேரத்தில் இருக்கிறது. வீட்டு மின்சாரம் விடாமல் ஓடுவது. தொட்ட கையின் தசைகளை அது இறுக்கிவிடும். விட நினைத்தாலும் விரல் விடாது. இருதயத்தின் வழியாக ஓரிரு விநாடி ஓடினாலே துடிப்பின் ஒழுங்கு குலைந்து உயிர் போகும். மெஷினிலிருந்து வரும் மின்சாரமோ ஒரு துடிப்பு. பிறகு ஒரு விநாடிக்குக் குறையாத ஓய்வு. மறுபடி ஒரு துடிப்பு. துடிப்பு நீடிக்கும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்குக்கு மேற்படக்கூடாது என்பது விதி; நல்ல கருவிகளில் அது இன்னும் மிகக் குறைவு. ஒரு துடிப்பின் சக்தி 5 ஜூலுக்கு மேல் போகலாகாது என்றும் விதியுண்டு. அரைக் கிலோ வெல்லத்தை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிற அளவுதான் 5 ஜூல். சுரீரென்று ஓர் அறை. உடனே பின்வாங்குவதற்கு அவகாசம். அவ்வளவே.

ஆகையால் பம்ப் செட்டிலிருந்தோ மின் கம்பத்திலிருந்தோ ஒயரை இழுத்துக் காட்டைச் சுற்றி விடுகிறார்களே, அதற்கு மின்வேலி என்று பெயர் சொல்வதே பிசகு. அது கொலைப் பொறி. இரவில் அவ்வழியே நடக்கும் அயலானையும் கொல்லும்; தான் வைத்ததை மறந்த சொந்தக்காரனையும் கொல்லும். 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தர்மபுரி ஜில்லா மாரண்டஅள்ளி அருகே இத்தகைய கம்பியில் பட்டு மூன்று யானைகள் மாண்டதையும், இரண்டு குட்டிகள் தாயற்று நின்றதையும் பத்திரிகைகளில் படித்து மனம் பதறாதவர் யார்? அதே வருஷத்தில் தமிழ்நாடு சர்க்கார் மின்வேலிகளுக்கென்று தனி விதிகள் வகுத்தார்கள். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் மின்வேலி போடுகிறவர்கள் அதை வனத்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கருவியும் இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். கொல்லி மலையைக் காப்புக்காடுகள் சூழ்ந்திருப்பதால், அங்கே வேலி போடுகிறவர்கள் முதலில் வனத்துறை ஆபீஸுக்கு நடந்துவிட்டுப் பிறகு கடைக்குப் போவதே உத்தமம்.

இவ்வளவும் சொன்னதால் மின்வேலிக்கே நம் ஓட்டு என்று நேயர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். மலையில் அதற்குச் சில சங்கடங்கள் உண்டு. மெஷினிலிருந்து கிளம்பும் மின்சாரம் கம்பி வழியாக மாட்டின் மூக்குக்கு வந்து, அதன் குளம்பு வழியாகப் பூமியில் இறங்கி, மண்ணில் புதைத்த எர்த் கம்பியின் மூலம் மெஷினுக்கே திரும்பினால்தான் அடி விழும். மாசி, பங்குனியில் பாறை மண் காய்ந்து கிடக்கும்போது இந்த வட்டம் பூர்த்தியாகாது; மாடு அலட்சியமாக வேலியில் உராய்ந்துகொண்டு நிற்கும். எர்த் கம்பிகளை ஓடைக்கரை போன்ற ஈரமுள்ள இடத்தில் ஆழமாக இறக்க வேண்டும். அல்லது வேலியிலேயே ஒரு வரி விட்டு ஒரு வரி எர்த்தோடு இணைக்க வேண்டும். மழைக் காலத்திலோ நேர்மாறான தொல்லை. புல்லும் கொடியும் ஒரே வாரத்தில் கம்பியைத் தொட்டு, மின்சாரத்தை மண்ணுக்கு வடித்துவிடும். மிளகுக் கொடிக்கு நிழல் நல்லது. சூரிய வெளிச்சத்தில் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பலகைக்கு நிழல் ஆகாது. பலத்த இடி மின்னலின்போது மெஷினைக் கழற்றி வைக்காவிட்டால், மேலே இருக்கிற இந்திரன் தம்முடைய வோல்ட்டை இறக்கி அதைப் பொசுக்கிவிடுவார்.

ஆகவே கேள்வி கம்பியைப் பற்றியது என்பதைவிட வீட்டு மனிதர்களைப் பற்றியது என்றே நமக்குப் படுகிறது. தினந்தோறும் ஒரு முறை வேலியைச் சுற்றி நடந்து, சோதனைக் கருவியை வைத்துப் பார்த்து, புல்லைச் செதுக்க ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் மின்வேலி போடலாம். பசுவுக்கு இரண்டு வரி போதும். வெள்ளாட்டுக்கு நாலைந்து வரி வேண்டும். கம்பியில் மாட்டுக்கு 3,000, ஆட்டுக்கு 4,000 வோல்ட்டாவது நிற்க வேண்டும் என்பது அனுபவஸ்தர்கள் கணக்கு. கொம்புள்ள ஆடுகளுக்கு மின் வலை கட்டக்கூடாது. சிக்கிக்கொண்டால் ஒவ்வொரு விநாடியும் அடி விழும். பழைய முள்ளுக்கம்பி இருக்கிறதே, அதிலேயே மெஷினை மாட்டிவிடலாம் என்ற சிக்கனமும் கூடவே கூடாது. முள்ளில் மாட்டிய பிராணியால் அடியிலிருந்து விலக முடியாது. விதியும் அதைத் தடுத்திருக்கிறது.

வேலியைச் சுற்றி நடக்க ஆள் இல்லாத வீட்டுக்கு நாம் சொல்லக்கூடியது உயிர்வேலிதான். மலைக்குக் கீழே காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் காடுகளைச் சுற்றிக் கிளுவைப் போத்துக்களை நெருக்கமாக நட்டு வளர்த்திருக்கிறார்கள். பெயர் பெற்ற காங்கேயம் மாடுகள் அதற்குள்தான் காவற்காரன் இல்லாமல் மேய்கின்றன. மலைத் தோட்டத்துக்குக் கல்யாண முருங்கையும் கிளைரிசிடியாவும் ஏற்றவை. முன்னதில் மிளகையும் ஏற்றலாம். வேலி பயிரை மேய்ந்தது என்பது பழமொழி. இங்கே ஆடு வேலியை மேயும். ஆகையால் போத்து வேர் பிடித்துத் தழைக்கும் வரையில் ஓரிரண்டு வருஷம் ஆட்டைக் கட்டித்தான் மேய்க்க வேண்டும். முள்ளுக்கம்பியைக் கடைசி இடத்தில் வைக்கிறோம். மனிதர் வழிமறிக்க வேண்டிய புறவெல்லையில் அது இருந்துவிட்டுப் போகட்டும். கறவை மாடு நிற்கும் பக்கத்தில் வேண்டாம்.

பெரியவரின் வீட்டில் வேலியைச் சுற்றி நடக்க மகன் இருக்கிறான். ஆகவே அவருக்குக் கடிதம் எழுதிவிட்டோம். வனத்துறையில் பதிவு செய்துகொண்டு, தர முத்திரையுள்ள மெஷினாகப் பார்த்து வாங்கி, உள் மேய்ச்சலுக்கு இரண்டு வரி கட்டும்படியும், பாதையோரத்தில் எச்சரிக்கைப் பலகை மாட்டும்படியும் எழுதினோம். முதல் நாளே மாட்டைத் திறந்த காட்டில் விட்டுவிட வேண்டாம். வீட்டுப் பக்கத்தில் சிறிய பட்டி ஒன்று அமைத்து, அதில் ஒரு வரி மின்கம்பியைப் பசுவின் மூக்கு உயரத்தில் கட்டி, பகல் வேளையில், பக்கத்தில் ஆள் நிற்கும்போது பழக்க வேண்டும். ஈர மூக்கால் அது தானாக முகர்ந்து பார்க்கட்டும். பின்னாலிருந்து விரட்டக்கூடாது, விரட்டினால் முன்னால் பாயும். இரண்டொரு நாளில் அது கம்பிக்கு ஒரு கஜம் தள்ளியே நிற்கத் தொடங்கும். மடிக் காயம் முழுதும் ஆறிய பிறகே இதை ஆரம்பிக்கும்படி கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தோம்.