கூரைக்கும் வாட்டம் பார்க்கணும்

நம்ம வயலில் தண்ணீர் எந்த மூலையில் தேங்கும், எந்த வாய்க்காலில் வடியும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவோம். "உங்க வீட்டுக் கூரையில விழுற மழை எந்தப் பக்கம் போகுது? காத்து எந்தப் பக்கம் மோதுது?" என்று கேட்டால் அண்ணாந்து பார்ப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன், 2018 நவம்பர் 16 விடியும் வரை.

நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்த இரவு அது. முதலில் வடக்கிலிருந்து அடித்தது. கொஞ்ச நேரம் ஓய்ந்த மாதிரி இருந்தது. பிறகு தெற்கிலிருந்து திருப்பி அடித்தது. புதிதாகப் போட்ட என் மாட்டுக் கொட்டகை முதல் காற்றிலேயே போய்விட்டது. தகர ஷீட்டுகளைக் காலையில் பக்கத்துத் தோப்பில் பொறுக்கினோம். மாடுகளை முதல் நாளே அவிழ்த்து மேட்டில் கட்டியிருந்ததால் பிழைத்தன. ஒரு கிடாரிக் கன்று மட்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு கொட்டகைக்கே ஓடியிருக்கிறது. அதை இழந்தோம்.

நூறடி தள்ளி இருக்கும் பெரியப்பாவின் பழைய ஓட்டு வீட்டில் ஐம்பது அறுபது ஓடு போயிருந்தது. கூரை அப்படியே நின்றது.

"என்ன பெரியப்பா, புதுக் கொட்டகை போயிடுச்சு, உங்க தாத்தா காலத்து வீடு நிக்குதே?" என்றேன்.

"நீ வடக்குப் பாத்து வாயத் தொறந்து வச்சிருந்தடா. காத்து உள்ள பூந்து மேல தூக்கிடுச்சு. இந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் வாய் இருக்கு? நாலு பக்கமும் முதுகுதான்" என்றார்.

இப்போது நான் வீடு கட்டப் போகிறேன். அந்தப் பேச்சு மனதில் இருந்ததால், போகிற ஊரிலெல்லாம் கூரைகளைப் பார்த்து, கொத்தனார், ஆசாரிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீடு கட்டப் போகிறவர்களுக்கும், பழைய ஓட்டை இறக்கிவிட்டுத் தளம் போடலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இது உதவும்.

மொட்டை மாடி

இன்று கிராமத்திலும் அதிகம் கட்டப்படுவது தட்டையான கான்கிரீட் தளம்தான். அதைக் குறை மட்டும் சொல்லக் கூடாது. கனம் அதிகம் என்பதால் எந்தக் காற்றுக்கும் அசையாது. மிளகாய், உளுந்து, வடகம், விதை என்று எல்லாம் காய வைக்க வீட்டோடு ஒரு களம் கிடைக்கிறது. தண்ணீர்த் தொட்டி வைக்கலாம். சோலார் தகடும் வைக்கலாம். நம்ம தமிழ்நாட்டுக்குத் தெற்குப் பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்வு போதும்.

சிக்கல் வெயிலில் வருகிறது. பகல் முழுக்கத் தளம் சூட்டைக் குடித்துவிட்டு, நாம் படுக்கும் நேரத்தில் கீழே விடுகிறது. அதனால்தான் கட்டி இரண்டு மூன்று வருடத்தில் மாடி மேல் தகர ஷெட் போடுகிறார்கள். கூரைக்கு மேல் இன்னொரு கூரை போட வேண்டி வந்தால், முதல் கூரைக்குச் செலவழித்த பணம் பாதி வீண்தானே?

தளம்தான் போடுவதென்றால் இரண்டு விஷயத்தை விடாதீர்கள். முதலாவது, வாட்டம். 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு கொடுத்து, தண்ணீர் குழாய்க்குப் போகிறதா என்று வாளியில் ஊற்றிப் பார்த்த பிறகே கொத்தனாருக்குக் கணக்கு முடிக்க வேண்டும். தேங்கும் தண்ணீர்தான் ஒழுகலுக்கு ஆரம்பம். இரண்டாவது, தளத்தின் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதிக்கும் பழைய முறை. சூடும் குறையும், ஒழுகலும் குறையும். அதற்கு வசதி இல்லாதவர்கள் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்கலாம்.

ஒத்தைச் சாய்ப்பு

ஒரு பக்கம் உயரம், மறு பக்கம் தாழ்வு. செலவு மிகக் குறைவு. தண்ணீர் ஒரே பக்கம் வருவதால் ஒரு தகரத் தாரை போதும். கொட்டகை, பம்புசெட் அறை, திண்ணைச் சாய்ப்பு இவற்றுக்கு ஏற்றது.

உயரமான பக்கத்தைத் திறந்துவிட்டு மற்ற மூன்று பக்கமும் அடைத்தால் என் கொட்டகை கதைதான். உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியே போக வழி இல்லை என்றால் அது கூரையைத்தான் தூக்கும். மேலே போகிற காற்றும் கூரையை மேல்நோக்கி இழுக்கும். இரண்டும் சேரும்போது ஆணி தாங்காது. எதிரெதிர் இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும், அல்லது உயரமான பக்கத்தை மறைப்புச் சுவரால் அடைத்துவிடுங்கள். ஷீட்டை ஆணியால் அடிக்காமல் ஜே போல்ட் போட்டு முடுக்குங்கள். ஓரங்களிலும் மூலைகளிலும் போல்ட்டை நெருக்கமாகப் போடுங்கள். பிய்வது அங்கேதான் ஆரம்பிக்கும்.

ரெட்டைச் சாய்ப்பு

நடுவில் முகடு, இரண்டு பக்கமும் சரிவு, இரு முனையிலும் முக்கோணச் சுவர். ஓட்டு வீடு என்றதும் நம் கண்ணில் வரும் வடிவம் இதுதான். ஆசாரிக்கு எளிது, மரமும் அளவாகத்தான் பிடிக்கும். முகட்டின் கீழ் பரண் போட்டு விதை, மூட்டை வைக்கலாம். முக்கோணச் சுவரில் ஜன்னல் அல்லது ஓட்டை விட்டால் சூடான காற்று மேலேயே வெளியேறும்.

இதன் பலவீனமும் அந்த முக்கோணச் சுவர்தான். காற்று நேராக மோதினால் முதலில் விழுவது அது. கடலோரத்தில் இருப்பவர்கள் அந்தச் சுவரைச் சாய்வாகச் செல்லும் கான்கிரீட் பட்டையால் கட்டி, கீழே ஓடும் பட்டையோடு இணைக்கச் சொல்லுங்கள்.

நாலு சாய்ப்பு

பெரியப்பா வீடு இந்த வகை. நாலு பக்கமும் கூரை சரிந்து இறங்கும். மோதி நிற்க மேலே சுவர் இல்லாததால் காற்று வழுக்கிப் போகிறது. புயல் காற்று ஒரு பக்கம் அடித்துவிட்டு மறுபக்கம் திரும்பி அடிக்கும் என்பதால், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வடிவமே கடலோரத்துக்கு நல்லது. நாலு சுவருக்கும் தாழ்வாரம் கிடைப்பதால் மழைச் சாரலும் வெயிலும் சுவரில் படாது. மண் சுவர் கட்டுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

குறை என்ன? மரம் கூடுதல், மூலைக் கைமரத்தை அளவெடுத்து அறுக்கத் தெரிந்த ஆசாரி வேண்டும், மூலையில் ஓடு வெட்டு அதிகம். சூடான காற்று வெளியேற முக்கோணச் சுவரும் இல்லை. இதற்கு நம்ம முன்னோர் வழி வைத்திருந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் பாருங்கள், கூரை உச்சியில் சின்னதாக முக்கோண முகப்பு வைத்துக் காற்றோட்டம் விட்டிருப்பார்கள்.

முற்றத்து வீடு

நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் உள்பக்கமாகச் சரியும் கூரை. வெளிச்சம், காற்று, மழைநீர் மூன்றும் வீட்டுக்குள்ளேயே வரும். ஆனால் கூரையின் இரண்டு சரிவுகள் உள்பக்கம் மடியும் மூலையில்தான் எல்லா ஒழுகலும் தொடங்கும். இலைச் சருகு அங்கே அடைத்துக்கொள்ளும். எல் வடிவ வீடுகளிலும் இதே கதைதான். இப்படி மடிப்பு எத்தனை இருக்கிறதோ, வருடா வருடம் ஐப்பசிக்கு முன் அத்தனை இடம் ஏறிச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு ஆள் இல்லாதவர்கள் மடிப்பில்லாத நேர்க் கூரையே போடுங்கள்.

எவ்வளவு சரிவு?

எதை வேய்கிறோம் என்பதுதான் சரிவைத் தீர்மானிக்கிறது. கீற்றும் ஓலையும் தண்ணீரைச் சீக்கிரம் இறக்கிவிட வேண்டும். சுவரிலிருந்து முகட்டுக்கு நேர்கீழ் வரை 10 அடி என்றால் உயரமும் கிட்டத்தட்ட 10 அடி வேண்டும். 1865-லிருந்து மங்களூரில் செய்யப்பட்டு நம்ம ஊருக்கெல்லாம் வந்த சீமை ஓட்டுக்கு அதே 10 அடிக்கு ஐந்தரை முதல் ஆறடி உயரம் சரியாக இருக்கும். புயல் பகுதிக்கும் 22 முதல் 30 டிகிரிச் சரிவு நல்லது. அதைவிடத் தட்டையாகப் போனால் காற்று கூரையைப் பிடுங்கும்.

தண்ணீர்க் கணக்கு

2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆகிவிட்டது. கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் 10,000 லிட்டர். சிதறியது, முதல் அழுக்குத் தண்ணீர் போக 8,000 லிட்டராவது நிற்கும். சரிவுக் கூரையின் சாய்ந்த பரப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். கூரை தரையில் மறைக்கும் பரப்புதான் கணக்கு. நாலு சாய்ப்புக்கு நாலு பக்கமும் தாரை வேண்டும், செலவு கூடும். ஓலை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீரைக் குடிக்க வைக்காதீர்கள். கிணற்றுக்கோ மாடித் தோட்டத்துக்கோ விடுங்கள்.

எங்கள் முடிவு

"முழுக்கத் தளம் போட்டுருவோம்ப்பா, ஓடு மாத்த இனி யாரு ஏறுவா?" என்றான் மகன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீட்டம்மாவோ, "மொளகா காய வைக்க எனக்கு மாடி வேணும், ஆனா அதுக்குக் கீழ படுக்க மாட்டேன்" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னபடியே வரைபடம் போட்டோம். படுக்கும் இடம் நாலு சாய்ப்பு ஓடு. சமையற்கட்டும் பொருள் வைக்கும் அறையும் தட்டைத் தளம், மேலே களமும் தொட்டியும். ஓட்டுச் சரிவின் தண்ணீர் தளத்துச் சுவரில் அடிக்காமல் தாரை வழியாகக் கிணற்றோரக் குழிக்குப் போகும். கொட்டகை இந்த முறை ரெட்டைச் சாய்ப்பு, முனை இரண்டும் திறந்து.

நீங்களும் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒரு தாளில் உங்கள் வீட்டை மேலிருந்து பார்ப்பது போல வரையுங்கள். தண்ணீர் எங்கே இறங்கும், காற்று எங்கே மோதும், சூடு எங்கே வெளியேறும் என்று மூன்று அம்புக்குறி போடுங்கள். ஏதாவது ஒரு அம்புக்குறிக்கு வழி இல்லை என்றால், தாளிலேயே மாற்றிவிடுங்கள். தாளில் மாற்றச் செலவில்லை.