முத்துக்குளித்துறையும் கன்னச் சிவப்பும்

முத்துக்குப் பெயர்பெற்ற கடற்கரை நம்முடையது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, காயலைச் செல்வம் கொழிக்கும் துறைமுகமாகக் குறித்துச் சென்றார். தூத்துக்குடிக் கடலில் பெரும் முத்துக்குளிப்பு 1961உடன் ஓய்ந்தது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இங்கேயே வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர். அந்த முத்தொளியின் சாயலே இன்று ‘கொரிய பிளஷ்’ என்னும் கன்னச் சிவப்பாக நம் இல்லங்களுக்குள் வந்துள்ளது.

முத்தின் மேனி மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காய் அமைந்தது. ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் தம்முள் கலந்து மினுமினுப்பைத் தருகின்றன. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மணி வினைஞர் மீன் செதிலிலிருந்து இச்சாயலைப் பெற்றனர். இன்றோ அப்பிரகத் தூளின்மீது டைட்டானியம் டை ஆக்சைடை மெல்லிதாகப் போர்த்திப் பெறுகின்றனர். அந்த டைட்டானியத்தின் தாதுவாகிய இல்மனைட் நம் தென்கடற்கரை மணலிலேயே கிடக்கின்றது.

கொரிய முறையின் தனித்தன்மை, நிறத்தை அப்பாமல் தோலின் இயல்பு தெரியுமாறு மெல்லிய படலமாக ஏற்றுவதாகும். எனினும் அந்நாட்டாரின் வெளிர்ந்த நிறத்துக்கென அமைந்த கலவையில் வெண்பொடி மிகுந்திருப்பின், நம் மாநிறக் கன்னத்தில் அது சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். நமக்கென ஒன்றைச் செய்ய முனைவோர் வெண்பொடியைக் குறைத்துச் செந்நிறத்தைக் கூட்டுதல் வேண்டும்.

செந்நிறம் எதிலிருந்து வருகின்றது என்பதே நாம் கேட்கவேண்டிய முதன்மையான வினா. ‘கார்மைன்’ என்பது கொச்சினீல் என்னும் பூச்சியை உலர்த்திப் பெறுவது. உறையில் ‘சி.ஐ. 75470’ எனக் காணப்படும். ஓடும் இரத்தமில்லாத பூச்சி இறந்தாலும் அசுத்தமன்று என்பது ஹனபி மத்ஹபின் நிலை; ஷாபி மத்ஹபிலோ அது நஜீஸ். இந்தோனேசிய உலமா மன்றம் 2011இல் உணவு, பானங்களில் இச்சாயத்தை அனுமதித்தது. 2023இல் கிழக்கு ஜாவாவின் நஹ்ளத்துல் உலமா அமைப்பு ஷாபி நிலையை எடுத்துரைத்து மறுத்தது. ஷாபிகள் பெரும்பான்மையாக வாழும் காயல்பட்டினம் போன்ற ஊர்களுக்கு இது வெறும் ஏட்டு விவாதமன்று. ஐயத்தைத் தவிர்க்க விரும்புவோருக்கு இரும்பு ஆக்சைடு (சி.ஐ. 77491) என்னும் கனிமச் சிவப்பு உண்டு.

அடுத்தது உளூ. மருதாணியைப் போல் சாயம் மட்டும் தோலில் தங்குமாயின் தடையில்லை. நீர் புகாத சிலிக்கோன் படலம் படியுமாயின், முகம் கழுவும் பர்ளு நிறைவேறாது. எனவே அத்தகையதை உளூவுக்கு முன் முற்றாக நீக்குதல் கடமை.

சிறுதொழிலாக இதைத் தொடங்க எண்ணும் சகோதரிகள் ஒன்றை மறவாதிருப்பார்களாக. வீட்டு அடுக்களையில் கலந்து விற்பதற்கு இடமில்லை. 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளின்படி உற்பத்தி உரிமம் வேண்டும். அனுமதிக்கப்பட்ட நிறமிகளையே சேர்த்தல் வேண்டும். உட்பொருள்களை உறையில் குறித்தல் வேண்டும். கேட்பவருக்கு ஒளிக்காமல் சொல்வதே வாணிபத்தின் அமானிதம்.

அழகை விரும்புவதை மார்க்கம் தடுக்கவில்லை, வரம்பையே வகுத்தது. அன்று நம் முன்னோர் முத்தைச் சல்லடையிலிட்டுத் தரம் பிரித்தபின்னரே விலை பேசினர். கன்னத்தில் பூசுவதையும் நாம் அவ்வாறே ஆராய்ந்து ஏற்போமாக. வல்ல நாயன் தூயதை நாடும் உள்ளத்தை நமக்கு அருள்வானாக!