பனிமலைக்குப் போகுமுன் காரைப் பேசி வையுங்கள்

முன்பெல்லாம் பாகான் செராயிலிருந்து உல்லாசப் பயணம் என்றால் தைப்பிங் பூங்கா. கையில் கொஞ்சம் வெள்ளி இருந்தால் கேமரன் மலை. இன்று வேலைக்குப் போகும் பிள்ளைகள், பால் மரம் சீவித் தங்களை ஆளாக்கிய தாய்க்குக் காஷ்மீர்ப் பனியையே காட்ட நினைக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 2023 ஜனவரிக் கடைசியில் அத்தையை அழைத்துக்கொண்டு கிளம்பினோம். விமான டிக்கெட்டுக்கு மூன்று மாதம் யோசித்த நாங்கள், இறங்கிய பின் மலை ஏறுவது எப்படி என்று மூன்று நிமிடம்கூட யோசிக்கவில்லை.

கோலாலம்பூரிலிருந்து டில்லி, அங்கிருந்து ஸ்ரீநகர். வெளிநாட்டார் அந்த விமான நிலையத்திலேயே படிவம் எழுதிப் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு குல்மர்க் சுமார் 50 கிலோமீட்டர்தான். நமக்குப் பட்டர்வொர்த் போகிற தூரம்! அந்தக் கணக்கில்தான் ஏமாந்தோம்.

டங்மர்க் என்ற சிற்றூருக்கு மேல் 13 கிலோமீட்டர் மலைப்பாதை. பனி கொட்டிவிட்டால், சக்கரத்தில் இரும்புச் சங்கிலி கட்டிய வண்டியையும், நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்பையும் மட்டுமே மேலே விடுவார்கள். எங்கள் காரில் சங்கிலி இல்லை. ஓட்டுநர் அங்கேயே இறக்கிவிட்டார். உள்ளூர் ஜீப்புக்குத் தனி வாடகை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அத்தையின் துணிச் சப்பாத்து நனைந்து ஊறிவிட்டது.

"பெரட்டுக்கு நின்ன காலத்துக் குளிரை நெனைச்சிக்கிட்டு வந்தேன். இது வேற குளிருமா," என்றார். தேநீர்க் கடைக்காரர் ஒருவர் கங்கு நிரப்பிய காங்கிரிச் சட்டியை அவர் மடியில் வைத்தார். மொழி தெரியாத மனிதர். அவரை மறக்க முடியாது.

ஆகவே தாய்மார்களே, முன்பணம் கட்டுமுன் இதைக் கேளுங்கள்: வண்டி டங்மர்க் வரையா, தங்கும் விடுதி வாசல் வரையா? சங்கிலி உண்டா? மேலே போக வேறு கூலி உண்டா? பேசியதை எழுத்தில் வாங்குங்கள். ஸ்ரீநகரில் பகல் நேரத்தில் இறங்கும் விமானமாகப் பாருங்கள்.

திரும்பும்போது இன்னும் கவனம் வேண்டும். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் அங்கே கடுங்குளிர்க் காலம். ஸ்ரீநகர்ப் பனியும் டில்லி மூடுபனியும் விமானத்தை நிறுத்திவிடும். அன்றைக்கே கோலாலம்பூர் விமானத்தைப் பிடிக்கலாம் என்று எண்ணாமல், டில்லியில் ஓர் இரவு தங்குங்கள். ஸ்ரீநகர் நிலையத்தில் வாசலிலேயே பெட்டிகளைச் சோதிப்பார்கள். மூன்று மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது.

குல்மர்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். நம் தானா ராத்தாவோ 1,440 மீட்டர்தான். இருதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் கிளம்ப வேண்டாம். 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுப்பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையும் மறக்கலாகாது. நம் வெளியுறவு அமைச்சு என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

பனிச் சப்பாத்தும் கனத்த கோட்டும் இங்கே காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. டங்மர்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும். அத்தை நடுங்கிக்கொண்டே அதற்கும் பேரம் பேசினார்.