நாலு போர்ஷன் வீடு – 6: மோட்டார் யார் மீட்டரில்?

பதிவு முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு குரோம்பேட்டைக்குப் போனேன். நான்கு போர்ஷனிலும் குடித்தனம் இருக்கும் வீட்டில் ஓனருக்குச் சாவி எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. அந்தக் கொத்தில் எனக்கென்று திறக்க இருந்தது மீட்டர் பெட்டி ஒன்றுதான்.

முந்தைய வாரங்களைப் படிக்காதவர்களுக்காக ஒரு வரி: அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை, 1994-ல் பல்லாவரம் நகராட்சிக் காலத்தில் கட்டிய வீடு, கீழே இரண்டு, மேலே இரண்டு போர்ஷன், விலை 88 லட்சம்.

'வாடகையிலயே டியூ ஓடிடும் சார்' என்றார் புரோக்கர். நானும் நம்பினேன். நாலு வாடகையும் சேர்த்து 34,000 ரூபாய். வங்கி கொடுத்தது 50 லட்சம். எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை 43,391. ஆக, மாதா மாதம் என் சம்பளத்திலிருந்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் போட்டால்தான் டியூ ஓடும். வெள்ளையடிப்பதும் செப்டிக் டேங்க் லாரியும் இதில் சேரவில்லை.

இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கடன் வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 30 லட்சத்திலிருந்து 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரை தரலாம் என்கிறது ரிசர்வ் வங்கி. ஆனால் மதிப்பு போட வந்த இன்ஜினியர் டேப்பை நீட்டி அளந்துவிட்டு, அனுமதி வரைபடத்தைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வரைபடத்தில் இருந்தது மூன்று போர்ஷன். மாடியில் பின்பக்கப் போர்ஷன் காகிதத்தில் இல்லை; பின்னால் எப்போதோ முளைத்தது. மாதம் 8,500 வாடகை தரும் அந்த வீடு வங்கியின் கண்ணுக்கு வெறும் மொட்டைமாடி. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்று 7,92,000 ரூபாய் பத்திரத்துக்குப் போனதையும் வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருட வாடகையில் நாம் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை ஒரு ரசீதும் காட்டாமல் கழிக்கலாம். பிறகு கடன் வட்டி முழுவதையும் கழிக்கலாம். முதல் வருடம் எனக்கு இது நஷ்டத்தில் முடிந்தது. பழைய வரிமுறையில் இருந்தால் அந்த நஷ்டத்தை 2 லட்சம் வரை சம்பளத்தோடு நேர்செய்யலாம். புதிய முறையில் முடியாது. ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

ஒரு காரியத்தை மட்டும் சரியாகச் செய்ததாக நினைத்திருந்தேன். குடித்தனக்காரர்கள் கொடுத்த அட்வான்ஸ் பணம் விற்பவரின் கையில் இருக்கிறது. நாளை ஒருவர் காலி செய்தால் புது ஓனரிடம்தான் கை நீட்டுவார். அதனால் விற்பவரிடம் பட்டியல் எழுதி வாங்கி, மொத்தம் 1,80,000 ரூபாயைக் கிரயப் பணத்தில் கழித்துக்கொண்டேன். முன் கீழ் 50,000, முன் மாடி 50,000, பின்னால் இரண்டும் 40,000, 40,000. பட்டியலின் கீழே கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டியலோடு மாடி ஏறினேன். பின் போர்ஷன் அக்கா தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"நாப்பதுன்னு யாரு சொன்னா தம்பி? நான் அறுபது குடுத்திருக்கேன்."

பட்டியலைக் காட்டினேன். மெஷின் நின்றது. உள்ளே போய்ப் பீரோவிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்து வந்தார். துணி அளவுகளுக்கு நடுவே ஒரு பக்கம்: சம்ப் வேலைக்காக 20,000 ரூபாய் அட்வான்ஸில் சேர்த்துப் பெற்றுக்கொண்டேன் என்று நடுங்கிய எழுத்து, ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் குறுக்கே கையெழுத்து. கையெழுத்து எனக்கு விற்றவருடையது அல்ல, அவருடைய அப்பாவுடையது. அவர் காலமாகி நாலு வருடம்.

மகனுக்குப் போன் செய்தேன். "அப்பா கணக்கு எனக்குத் தெரியாது சார்" என்றார். பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்த இருபதாயிரம் என் தலையில் விடிந்தது. 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்து ஓப்பினியன் வாங்கினேன். டோக்கன் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் நாலு கதவையும் தட்டி, 'எவ்வளவு கொடுத்திருக்கீங்க, எதுக்குக் கொடுத்தீங்க' என்று கேட்க மட்டும் தோன்றவில்லை. வக்கீலும் சொல்லவில்லை, அவருடைய வேலையில் குடித்தனக்காரர்கள் வருவதில்லை.

நாலு பேரிடமும் எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. வழக்கமாக எல்லோரும் எழுதும் 11 மாத அக்ரிமென்ட், ஒரு வருடத்தைத் தாண்டினால் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதற்காக வந்த பழக்கம். அப்படி எழுதிவிட்டால் இந்த வாடகை அதிகாரி பதிவும் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை.

சரி, புதிதாக எழுதுவோம் என்று உட்கார்ந்தபோதுதான் முன் கீழ் போர்ஷன் கண்ணை உறுத்தியது. முன் மாடி 9,000, பின்னால் இரண்டும் 8,500, இவர் மட்டும் 8,000. போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆன பெரியவர். காலை ஐந்தரைக்கு எழுந்து மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் அவர்தான். அந்தச் சிரமத்துக்காகப் பழைய ஓனர் ஐந்நூறு குறைத்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, டேங்க் காலியானால் தானாக ஓடி, நிறைந்தால் தானாக நிற்கும் பெட்டி ஒன்றை மாட்டினேன். "ஐயா, இனி உங்களுக்கு வேலையில்ல. அடுத்த மாசத்துலேருந்து உங்களுக்கும் எட்டாயிரத்தி ஐந்நூறு" என்றேன். சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஆறரைக்கு மாடி அக்கா போன்: "தம்பி, தண்ணி வரல."

போய்ப் பார்த்தால் மோட்டார் லைனில் ஃப்யூஸ் கேரியரைக் காணோம். அது பெரியவரின் சட்டைப்பையில் இருந்தது. மீட்டர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கொத்தில் இருந்த ஒரே உபயோகமான சாவிக்கு அன்றுதான் வேலை வந்தது. மோட்டாருக்குப் போகும் வயரை விரலால் தொட்டுக்கொண்டே வந்து, தன் மீட்டரில் நிறுத்தினார்.

"மோட்டார் உங்களுது, தண்ணி எல்லாருக்கும். கரண்ட் என்னுது."

ஒரு குதிரைசக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 60 யூனிட். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் 60 நாலு வீட்டுத் தண்ணீருக்கே போய்விடுகிறது. மோட்டாருக்குத் தனியாகப் பொது மீட்டர் வாங்கலாம்; அதற்கு இலவச யூனிட் கிடையாது. இருந்தாலும் கணக்கு போட்டுப் பார்த்தேன்: கரண்ட் மாதம் 150 ரூபாய்க்குள் அடங்குகிறது. ஐந்நூறு எதற்கு? கேட்டேவிட்டேன். பெரியவர் பதில் சொல்லாமல் ஃப்யூஸைத் திரும்ப மாட்டினார்.

பதில் மே மாதம் வந்தது. நான் மாட்டிய பெட்டி மேல் டேங்கை மட்டும் பார்க்கும் மலிவு ரகம். சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. லாரி வராத ஒரு மத்தியானம் வெறும் சம்ப்பிலிருந்து மோட்டார் ஓடு ஓடென்று ஓடிக் காயில் கருகியது. பெரியவர் பேரன் காதுகுத்துக்குச் செங்கல்பட்டு போயிருந்தார். அவர் இருந்தால் ஹாலில் படுத்தபடியே சத்தம் மாறுவதைக் கேட்டு எழுந்து நிறுத்தியிருப்பார். சம்ப் வற்றினால் மோட்டாரின் குரல் லேசாகிவிடுமாம். கரண்டுக்கு 150 போக மிச்சம் 350 அந்தக் காதுக்கு.

காயில் கட்ட 2,800 ஆயிற்று. பெட்டியைக் கழற்றிவிட்டு, வாடகை 8,000 என்றே அக்ரிமென்ட் எழுதிப் போனேன். மோட்டார் மின்செலவுக்காகவும் பராமரிப்புக்காகவும் 500 ரூபாய் கழிக்கப்பட்டது என்று தனி வரியும் சேர்த்திருந்தேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு அந்த வரியில் விரலை வைத்தார்.

"வெயில் காலத்துல ரெண்டு தடவ போடணும். அது இதுல இல்லியே?"

ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் 7,850 என்று பேனாவால் திருத்தி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டேன்.

(தொடரும்)