சோபா மெத்தையைச் சுத்தம் செய்வது எப்படி?

சோபா பார்க்கப் பளிச்சென்று இருக்கும். அதன் மெத்தையைக் கையால் ஓங்கித் தட்டிப் பாருங்கள். தூசி பறக்கும். அந்தத் தூசியில் என்ன இருக்கிறது?

தெருப்புழுதி இருக்கும். தலைமுடி இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளும் இருக்கும். இந்தத் துகளைத் தின்று வாழும் மிகச் சிறிய உயிர் ஒன்று உண்டு. அதைத் தூசிப்பூச்சி என்பார்கள். அது கடிக்காது. ஆனால் அதன் கழிவு மூச்சில் கலந்தால் சிலருக்குத் தும்மல் வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு அதிகமாகும்.

மும்பை, டில்லி, பெங்களூரு போன்ற நகரங்களில் வீடு வீடாகச் சென்று சோபா சுத்தம் செய்வது ஒரு தொழில். பலர் இதனால் பிழைக்கிறார்கள். இதில் கவனம் தவறினால் துணி கெடும். கூலியும் போகும். சில நேரம் உயிருக்கே ஆபத்து வரும்.

முதலில் படியுங்கள்

சில மெத்தைகளில் சிறிய துணிச்சீட்டு தைத்திருப்பார்கள். அதில் ஆங்கில எழுத்து இருக்கும். ‘டபிள்யூ’ என்றால் தண்ணீரும் சோப்பும் போடலாம். ‘எஸ்’ என்றால் தண்ணீர் கூடாது. உலர்சலவை மருந்துதான் போட வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டில் எதையும் போடலாம். ‘எக்ஸ்’ என்றால் ஈரமே ஆகாது. தூசியை மட்டும் எடுக்க வேண்டும்.

பிறகு எழுதுங்கள்

எங்கே கறை? எங்கே கிழிசல்? எங்கே சாயம் போயிருக்கிறது? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்காரரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வேலை முடிந்த பிறகு, “இதை நீங்கள்தான் கெடுத்தீர்கள்” என்று யாரும் சொல்ல முடியாது. எழுதப் படிக்கத் தெரிந்தால் கூலியைக் காப்பாற்றலாம்.

வேலை செய்யும் முறை

ஈரம் படும் முன் தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். தூசியில் தண்ணீர் பட்டால் சேறாகும். சேறு நூலுக்குள் இறங்கிவிடும்.

அடுத்து, சாயம் போகுமா என்று பார்க்க வேண்டும். மெத்தையின் அடிப்பக்கத்தில் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சாயம் ஒட்டினால் தண்ணீர் போடாதீர்கள்.

சாயம் போகாவிட்டால் சோப்பைக் கரைத்து நுரை எழுப்புங்கள். நுரையை மட்டும் எடுத்து மென்மையான பிரஷால் தேயுங்கள். கறையை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். நடுவிலிருந்து துடைத்தால் கறை பரவும். ரத்தம், பால், முட்டைக் கறைக்குச் சுடுதண்ணீர் கூடாது. சூடு பட்டால் அந்தக் கறை நூலோடு பிடித்துக்கொள்ளும்.

சோப்பை மிச்சம் வைக்காமல் எடுக்க வேண்டும். மிஞ்சிய சோப்பு பிசுபிசுக்கும். அதில் அழுக்கு மறுபடியும் ஒட்டும்.

காய்வதுதான் முக்கியம்

மெத்தைக்குள் இருக்கும் ஸ்பான்ஞ் தண்ணீரை நிறையக் குடிக்கும். எளிதில் விடாது. மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நாற்றமும் வரும். அதனால் தண்ணீரைக் குறைவாக விடுங்கள். விட்டதை இயந்திரத்தால் உறிஞ்சி எடுங்கள். மெத்தையைப் பக்கவாட்டில் நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். கடும் வெயிலில் சாயம் வெளுக்கும். மழைக்காலத்தில் காய அதிக நேரமாகும். காயும் வரை உட்கார வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

உயிர் காக்கும் நான்கு விஷயங்கள்

ஒன்று: பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் கலக்காதீர்கள். குளோரின் என்ற நச்சு வாயு வரும். அது நுரையீரலைக் கெடுக்கும்.

இரண்டு: கறை எடுக்கப் பெட்ரோல் போடாதீர்கள். ஒரு தீப்பொறி போதும். ஸ்பான்ஞ் வேகமாக எரியும். அதன் புகையே ஆளைக் கொல்லும்.

மூன்று: தூசி மட்டும் உறிஞ்சும் இயந்திரத்தால் தண்ணீரை உறிஞ்சாதீர்கள். மின்சாரம் தாக்கலாம். தண்ணீருக்கென்று தனி இயந்திரம் உண்டு. ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள்.

நான்கு: மூக்கையும் வாயையும் மூடி வேலை செய்யுங்கள். கையுறை போடுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். அடுத்தவர் வீட்டுத் தூசி உங்கள் நுரையீரலுக்குப் போக வேண்டாம்.