அந்தி வேளைக்கு ஏற்ற குறிநோக்கி

கபிலைக் கரையில் அமைந்த நஞ்சன்கூட்டிற்கும் பந்திப்பூர்க் காட்டிற்கும் நெடுந்தொலைவு இல்லை. தாலூகாவின் தென்மேற்குச் சிற்றூர்கள் காட்டின் விளிம்பிலேயே இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டு நவம்பரில், பள்ளூரஹுண்டியில் மாடு மேய்க்கச் சென்ற பெண்மணி ஒருவரைப் புலி கொன்றது. சில நாள்களில் வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்தி ஒரு புலியைப் பிடித்தனர்.

இத்தகைய செய்தி வந்ததும், இருளிலும் குறி தெரியும் ஒளிரும் குறிநோக்கி ஒன்றை வாங்கித் துப்பாக்கியில் பொருத்தினால் என்னவென்று நம்மவருள் சிலர் எண்ணுதல் இயல்பே. ஆதலின் அக்கருவியின் தன்மையை அறிதல் நன்று.

குறிநோக்கியினுள் மெல்லிய கருநிறக் குறுக்கிழை உண்டு. அந்தியில் விலங்கின் உடலும் புதரும் கருமையாகிவிடவே, அவ்விழை கண்ணுக்கு மறைந்துபோகும். சிறு மின்கலத்தால் அதன் நடுவே செம்புள்ளி ஒன்றை ஒளிரச் செய்வதே இக்கருவியின் புதுமை. அப்புள்ளி குறியைக் காட்டுமேயன்றி இலக்கை விளக்காது. 1926-இல் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையைச் சுட்ட ஜிம் கார்பெட் துப்பாக்கியில் பொருத்திய மின்விளக்கு விலங்கின்மீதே ஒளி வீசியது. செம்புள்ளியோ கண்ணாடிக்குள்ளேயே நிற்பது. அது மிகுதியாக ஒளிர்ந்தால் இருளுக்குப் பழகிய கண் கூசி, இலக்கே மறையும். மிகமிக மங்கலாகக் குறைக்கத்தக்க புள்ளியே சிறந்தது.

இலக்கைத் தெளிவாகக் காட்டுவது வில்லையின் வேலை. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 56 மில்லிமீட்டர் வில்லையும் 8 மடங்குப் பெருக்கமும் இருந்தால் 7 மில்லிமீட்டர். இளைஞரின் கண்மணி இருளில் ஏறத்தாழ அவ்வளவே விரியும். முதியோர்க்கு அது 5 அளவிற்குக் குறையும். அதே வில்லையில் 14 மடங்கு பெருக்கினால் 4 மில்லிமீட்டரே எஞ்சும், காட்சி மங்கும். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய நூற்றுக்கு 4 பங்கு ஒளியைத் திருப்பிவிடுதலால், வில்லைகள் யாவற்றுக்கும் நல்ல மேற்பூச்சு வேண்டும்.

இவ்வளவும் பொருந்திய கருவி யார் கையில் இருக்கத் தக்கது? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டையைத் தடுத்தது. மனிதரைக் கொல்லும் புலியையும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்தாணையின்றி எவரும் வேட்டையாடலாகாது. பிடித்தலோ மயக்குதலோ இயலாதபோதுதான் கொல்ல ஆணை உண்டு. மயக்க ஊசி தொடையின் தசையில் பட வேண்டும். வயிற்றிலோ தலையிலோ பட்டால் விலங்கு மாளவும் கூடும். பட்ட பின்னும் மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் அது இருளில் ஓடி மறையும். பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவருக்கே அரிதான இச்செயலை, செம்புள்ளியை நம்பி நாம் மேற்கொள்வது காயமுற்ற புலியை ஊருக்குள் விடுவதாகவே முடியும்.

நம் இல்லங்களுக்கு வேண்டுவது 7 மடங்குப் பெருக்கமும் 50 மில்லிமீட்டர் வில்லையும் உள்ள இருகண் நோக்கி ஒன்றே. மேற்சொன்ன கணக்கு அதற்கும் பொருந்தும். வயலோரத்தில் அசைவது கன்றா சிறுத்தையா என்பதை வீட்டு வாயிலிலிருந்தே கண்டறிந்து, குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, வனத்துறையினருக்கு உடனே தெரிவிக்க அது போதும். அந்தியில் தனியே மாடு மேய்க்கச் செல்லாதிருத்தல் அதனினும் பெரிய காவல்.