மலிவான ரொட்டி இயந்திரம் போதுமா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பயன்படுத்திய பொருள்களை விற்கும் கரோசெல் போன்ற தளங்களில் தேடிப் பார்த்தால், ஓரிரு முறை மட்டுமே மாவைக் கண்ட ரொட்டி இயந்திரங்கள் விற்பனைக்கு வந்திருப்பதைக் காணலாம். ஆசையாக வாங்கியவர்களின் முதல் ரொட்டி நடுவில் குழிந்து போயிருக்கும். இரண்டாவது செங்கல்போல வந்திருக்கும். மூன்றாவது முறை முயல மனம் வராமல் இயந்திரம் அலமாரியின் உச்சிக்குப் போய்விடும்.

சிங்கப்பூர்க் கடைகளில் 100 வெள்ளியை ஒட்டிய விலையிலும் ரொட்டி இயந்திரங்கள் உண்டு, அதைப்போல இரண்டு மூன்று மடங்கு விலையிலும் உண்டு. புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு விலை குறைந்த இயந்திரமே போதும். ஆனால் அதில் எதைப் பார்த்து வாங்குவது, நம் ஊர் வெப்பத்தில் அதை எப்படிக் கையாள்வது என்ற இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பணத்தை மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணத்தில் மட்டும் இதை வாங்குவோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் சுடும் ஒவ்வொரு ரொட்டிக்கும் ஒரு வெள்ளி மிச்சமாகிறது என்று வைத்துக்கொண்டாலும், 120 வெள்ளி இயந்திரத்தின் விலையை மீட்க 120 ரொட்டிகள் சுட வேண்டும். வாரத்துக்கு இரண்டு என்றால் ஓராண்டைத் தாண்டிவிடும். சர்க்கரையையும் உப்பையும் நாமே அளந்து போடலாம், முட்டையோ பாலோ சேர்க்காமல் சுடலாம், காலையில் சூடான ரொட்டி கிடைக்கும் என்பவைதான் இதை வாங்குவதற்கு உருப்படியான காரணங்கள்.

இயந்திரத்தின் அமைப்பு எளியது. ஒரு பாத்திரம், அதன் அடியில் சுழலும் சிறு துடுப்பு, பாத்திரத்தைச் சுற்றிச் சூடாக்கும் கம்பி, மேலே ஒரு மூடி. பிசைவது, பொங்க வைப்பது, சுடுவது எல்லாம் அந்த ஒரே பாத்திரத்தில் நடக்கும். சாதாரண வெள்ளை ரொட்டிக்குப் பொதுவாக மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். இன்று பானசோனிக் என அறியப்படும் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1987ல் தன் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவருவதற்குமுன், மாவைச் சரியாகப் பிசைய வைக்க முடியாமல் அதன் பொறியாளர்கள் திணறினர். அக்குழுவைச் சேர்ந்த இக்குக்கோ தனக்கா, ஒசாக்காவில் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டித் தயாரிப்பாளரிடம் பயிற்சி பெற்று, அவர் மாவை முறுக்கி இழுக்கும் விதத்தைக் கவனித்தார். அதைப் பின்பற்றியே பாத்திரத்தின் உட்புறத்தில் மேடுகள் சேர்க்கப்பட்டன. கடையில் பாத்திரத்துக்குள் கைவிட்டுப் பார்க்கும்போது தட்டுப்படும் மேடுகள் அழகுக்காக வைத்தவை அல்ல.

மலிவான இயந்திரங்களில் முதலில் பார்க்க வேண்டியதும் அந்தப் பாத்திரத்தைத்தான். கையில் எடுத்தால் ஓரளவு கனமாக இருக்க வேண்டும். மிக மெல்லிய தகடாக இருந்தால் ரொட்டியின் ஓரம் கருகி, உள்ளே ஈரமாக நின்றுவிடும். துடுப்பைச் சுழற்றும் அச்சு பாத்திரத்தின் அடிப்பகுதி வழியாகச் செல்கிறது. நாளடைவில் தேய்ந்து தண்ணீர் கசிவது அந்த இடத்தில்தான். ஒட்டாத பூச்சும் ஒருநாள் உரியும். ஆகவே, பாத்திரமும் துடுப்பும் தனியாக விற்கப்படுகின்றனவா என்று வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. உதிரிப்பாகம் கிடைக்காத இயந்திரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பெட்டியின்மேல் 12 முறைகள், 25 முறைகள் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. பெரும்பாலோர் கடைசிவரை பயன்படுத்துவது இரண்டையோ மூன்றையோதான். மாவை மட்டும் பிசைந்து தரும் முறை அவசியம் இருக்க வேண்டும். நம் வீடுகளில் ரொட்டியைவிட அதற்கே வேலை அதிகம். பன், நான், பீட்ஸா ஆகியவற்றுக்கு மாவு தயாராகிவிடும். சப்பாத்தி மாவுக்குப் பத்து நிமிடத்தில் நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம். கைவலி உள்ள பெரியவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே வாங்கித் தரலாம்.

அளவில் ஒரு குழப்பம் வரும். பெட்டியில் குறிப்பிடுவது பெரும்பாலும் சுட்ட ரொட்டியின் எடை. 500 கிராம் ரொட்டிக்குச் சுமார் 300 கிராம் மாவுதான் தேவை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 500 முதல் 750 கிராம்வரை சுடக்கூடியது போதும். ஒரு கிலோ ரொட்டிக்கான பெரிய பாத்திரத்தில் சிறிய ரொட்டி சுட்டால், மாவு ஒரு பக்கமாகச் சாய்ந்து கோணலாக வரக்கூடும்.

இனி வெப்பத்துக்கு வருவோம். புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இதில்தான். கையேடுகள் பல, குளிர்நாட்டுச் சமையலறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 'வெதுவெதுப்பான தண்ணீர்' என்று அவை சொல்லும். பகலில் 30 டிகிரியைத் தொடும் நம் சமையலறையில், பிசையும்போது உண்டாகும் சூடும் சேர்ந்துகொள்ள, ஈஸ்ட் அவசரமாக வேலையைத் தொடங்கிவிடும். இயந்திரமோ தனக்கு இட்ட நேரக்கணக்கின்படிதான் நகரும். சுடத் தொடங்குவதற்குள் மாவு உச்சிக்குப் பொங்கி, தாங்க முடியாமல் அமிழ்ந்துவிடும். குழிந்த ரொட்டிக்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

விலை உயர்ந்த சில இயந்திரங்கள் வெப்பநிலையை அளந்து நேரத்தை மாற்றிக்கொள்ளும், ஈஸ்ட்டைத் தனி அறையில் வைத்திருந்து பிறகு விடும். மலிவானதில் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீரையே ஊற்றலாம். கையேட்டில் உள்ள ஈஸ்ட் அளவில் கால் பங்கைக் குறைக்கலாம். பிசையும் நேரத்தில் மூடியைத் திறந்துவைத்தால் சூடு வெளியேறும். ஐந்து, பத்து நிமிடம் கழித்து எட்டிப் பார்க்கும்போது மாவு வழவழப்பான உருண்டையாகச் சுழல வேண்டும். பாத்திரத்தில் அப்பிக்கொண்டால் ஒரு தேக்கரண்டி மாவு, உதிரியாக நின்றால் ஒரு தேக்கரண்டி தண்ணீர்.

முதல் முயற்சிக்கு இந்த அளவு கைகொடுக்கும்: ரொட்டி மாவு 300 கிராம், குளிர்ந்த தண்ணீர் 190 கிராம், சர்க்கரை 15 கிராம், உப்பு 5 கிராம், வெண்ணெய் 15 கிராம், உடனடி ஈஸ்ட் 3 கிராம். தண்ணீர் முதலில், மாவு அதன்மேல், ஈஸ்ட் கடைசியில். உப்பு ஒரு மூலையிலும் ஈஸ்ட் இன்னொரு மூலையிலும் இருக்கட்டும். கோப்பையால் அளந்தால் ஒவ்வொரு முறையும் மாவு வேறுபடும் என்பதால் சிறிய மின்னிலக்கத் தராசு ஒன்று தேவை. இயந்திரத்தில் கூடுதல் வசதிக்குக் கொடுக்கும் பணத்தைத் தராசுக்குக் கொடுக்கலாம்.

வீட்டில் இருக்கும் ஆட்டா மாவை அப்படியே போட்டுப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். செங்கல் பிறப்பது அங்கேதான். ஆட்டாவில் உள்ள தவிடு, மாவின் இழுவையை அறுத்துவிடுகிறது. அது தண்ணீரையும் அதிகம் குடிக்கும். புரதம் அதிகமுள்ள ரொட்டி மாவே அடித்தளம். அது பேரங்காடிகளிலும் பூன் ஹுவாட் போன்ற கடைகளிலும் கிடைக்கும். 300 கிராமில் 75 கிராம் மட்டும் ஆட்டாவாக மாற்றி, தண்ணீரை ஒரு மேசைக்கரண்டி கூட்டித் தொடங்கலாம். பழகியபின் ஆட்டாவின் பங்கை உயர்த்திக்கொள்ளலாம்.

இரவில் போட்டுவைத்துக் காலையில் எடுக்கும் நேரக்கணிப்பு வசதி கவர்ச்சியானது. பாலும் முட்டையும் சேர்த்த மாவை மட்டும் அதில் விட்டுவைக்கக் கூடாது, கெட்டுவிடும். பாலுக்குப் பதில் பால் மாவு போடலாம். பிசையும் சத்தம் விடியற்காலை மூன்று மணிக்குச் சின்ன வீவக வீட்டில் நன்றாகவே கேட்கும் என்பதையும் வாங்குமுன் யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பான் சுற்றுலாவில் கண்ணில் படும் இயந்திரத்தைத் தூக்கிவருவது வீண். அங்கே 100 வோல்ட், இங்கே 230 வோல்ட். நேரடியாகச் செருகினால் பழுதாகிவிடும். ஜோகூர் பாருவில் வாங்கினால் மின்சாரமும் செருகியும் பொருந்தும், உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னும் தயக்கம் இருந்தால், முதலில் சொன்ன அந்த இரண்டாம் கை இயந்திரங்களே நல்ல தொடக்கம். நேரில் பார்க்கும்போது துடுப்பு கூடவே இருக்கிறதா, அச்சு தடையின்றிச் சுழல்கிறதா, பாத்திரத்தின் பூச்சில் கீறல் உண்டா என்று பார்க்க வேண்டும். பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சில நிமிடம் வைத்தால் அடியில் கசிகிறதா என்பதும் தெரிந்துவிடும்.